பொதுவெளிக் கலை மேற்படிப்பு: வைமாரா, சாந்திநிகேதனா, நகரப் படிப்பா, கும்பகோணமா?

அக்கா மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பத்தில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலைப் பட்டம்) முடித்துவிட்டு, பொங்கலுக்கு வந்தபோது ஒரு நோட்டை என் முன்னால் வைத்தாள். "மாமா, பொதுவெளிக் கலைதான் மேல படிக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல." நோட்டில் பதினோரு இடங்கள். ஜெர்மனி, அகமதாபாத், டெல்லி, பரோடா, சாந்திநிகேதன், மும்பை, பெங்களூர் என்று கலந்து கட்டி எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே கட்டணம், கடைசித் தேதி, விடுதி உண்டா இல்லையா எல்லாம் இருந்தது. அங்கே போய் எதைக் கற்கப் போகிறாள் என்ற கட்டம் மட்டும் எல்லா வரியிலும் காலி.

நான் திருவாரூர் பக்கம் ஓவிய ஆசிரியராக இருப்பவன். அவளும் நானும் மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலம் உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினோம். டெல்டாவில் சுவரிலும் களிமண்ணிலும் கை வைத்துப் பழகிய பிள்ளைகள் நிறையப் பேர் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள், அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் பயன்படட்டும் என்று நாங்கள் பேசியதை எழுதிவிடுகிறேன்.

முதலில் இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று தெளிவாக வேண்டும். அக்கா அதை "சிலை வைக்கிற படிப்பு" என்றுதான் புரிந்துகொண்டிருந்தார். நான் ஆழித்தேரைச் சொன்னேன். திருவாரூர்த் தேர் அலங்கரித்து முடித்தால் 96 அடி உயரம், 300 டன் எடை என்பார்கள். வருடத்தில் ஒரு நாள் அது நான்கு வீதிகளைச் சுற்றி வருகிறது. அந்த ஒரு நாளுக்காகத்தான் அந்த வீதிகள் அத்தனை அகலமாக இருக்கின்றன, குறுக்கே போகும் மின்கம்பிகளைக் கழற்றுகிறார்கள், திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. முனையில் தேர் திரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டு, அதன்மேல் கிரீஸ் தடவி, முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்துக் கொடுத்து எடுப்பவர்களின் கை ஒரு நொடி தப்பினாலும் போச்சு. கூட்டம் மொத்தமும் அந்தக் கட்டை போடுபவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இதில் சிற்பம் எது, தச்சு எது, வீதி எது, விழா எது என்று பிரித்துக் காட்ட முடியுமா? யார் வடம் பிடிக்கலாம் என்பதற்காகவே நீதிமன்றம் வரை போன ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு, ஆகவே சாதியும் இதற்குள்தான் இருக்கிறது. பொதுவெளிக் கலை என்றால் இது அத்தனையும் சேர்ந்ததுதான்.

சிக்கல் என்னவென்றால் நம் நாட்டில் இதை ஒரே கூரையின் கீழ் சொல்லிக்கொடுக்கும் முதுகலை கிடைப்பது அரிது. கலைக் கல்லூரி சிற்பத்தைச் சொல்லித்தரும். கட்டடக்கலைக் கல்லூரி வீதியின் அகலத்தைச் சொல்லித்தரும். சமூகவியல் படித்தவர்கள் வடத்தை யார் பிடித்தார்கள் என்று சொல்வார்கள். ஒரு மாணவர் இந்த மூன்றில் எதை முதலில் பிடிப்பது, மீதி இரண்டையும் எங்கே எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கட்டடக்கலை வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், டெல்லியிலும் போபாலிலும் இருக்கும் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளிகள், இங்கெல்லாம் நகர வடிவமைப்பில் முதுகலை உண்டு. அருமையான படிப்பு. நடைபாதை, நிழல், சந்தை, ஆற்றங்கரை என்று பொது இடத்தை அளந்து வரைந்து கற்கலாம். ஆனால் உள்ளே போகக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். வேண்டும், பி.எஃப்.ஏ.வை வைத்துக்கொண்டு கதவைத் தட்ட முடியாது. இவள் நோட்டில் இருந்த பதினொன்றில் மூன்று இப்படியே போய்விட்டன, அதற்குள் ஒரு இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டப் போயிருந்தாள். நீங்கள் பி.ஆர்க். முடித்தவராக இருந்தால் கணக்கே வேறு. இந்த வழிதான் உங்களுக்கு முதல் வழி, இந்தக் கட்டுரையை இதற்கு மேல் படிக்காமல் செப்ட் விண்ணப்பத்தைத் திறந்துவிடலாம்.

அப்புறம் நகரத்தைச் சமூகமாகப் படிக்கும் வழி. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் நகர்ப்புறக் கொள்கையும் ஆளுகையும் என்ற முதுகலை, பெங்களூரில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற நகர ஆய்வு நிறுவனம் நடத்தும் நகர்ப்புறப் படிப்புகள், இவற்றுக்கெல்லாம் இன்ன பட்டம்தான் வேண்டும் என்ற கெடுபிடி குறைவு. இங்கே நிலம் யாருடையது, தண்ணீர்க் குழாய் யார் கணக்கு, தெருவோரக் கடைக்காரருக்கு 2014-ஆம் வருடச் சட்டம் என்ன உரிமை கொடுக்கிறது என்பதையெல்லாம் சொல்லித்தருவார்கள். சிற்பம் செய்யப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அக்கா கேட்டார். எனக்குத் தெரிந்து இதுதான் ரொம்ப அவசியம், பட்டுத் தெரிந்துகொண்டது அது.

பல வருடங்களுக்கு முன்னால், டெல்டாவில் ஒரு பேரூராட்சியின் பேருந்து நிலையச் சுவரில், இருபது பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முப்பது அடி நீளத்துக்கு ஒரு ஓவியம் வரைந்தேன். நாற்றங்கால், நாற்று முடி கட்டும் பெண்கள், வாய்க்காலில் குளிக்கும் எருமை, மேலே கொக்கு. பதினாறு நாள் வேலை. அனுமதி வாய்வார்த்தையாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் அடியிலிருந்து இரண்டு அடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் பொரிந்து, விரலால் தொட்டாலே அப்பளம் மாதிரி உதிர்ந்தது. சரி, வெயில் வந்ததும் சுரண்டித் திரும்பப் பூசலாம் என்று இருந்தோம். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்து, ஒரே ராத்திரியில் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு பையன் "சார், நம்ம எருமை போச்சு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். யாரைப் போய்க் கேட்பது? விசாரித்தால் சுவர் பேரூராட்சியுடையது, சுவருக்கு முன்னால் நாங்கள் ஏணி போட்ட இடம் நெடுஞ்சாலை, பின்னால் ஓதம் ஏற்றிய வாய்க்கால் இன்னொரு துறை. மூன்று இடத்திலும் எங்கள் பெயரில் ஒரு காகிதம்கூட இல்லை.

அன்றைக்கு எனக்கு ஓவியம் தெரிந்திருந்தது, சுவர் தெரியவில்லை. இந்த வழியில் படித்தவர்களுக்குச் சுவர் தெரியும். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பொதுச் சாலை, நடைபாதை, மக்கள் பயன்பாட்டு இடங்களில் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் பொது இடங்களிலும் புறம்போக்கிலும் இருக்கும் சிலைகளை எடுத்துத் தலைவர்கள் பூங்கா ஒன்றில் சேர்த்து வைக்கச் சொன்னது. 2017-இல் நீதிமன்ற உத்தரவுப்படி சிவாஜி கணேசன் சிலை காமராஜர் சாலையிலிருந்து போக்குவரத்துக் காரணத்துக்காக மணிமண்டபத்துக்குப் போனது. மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த கண்ணகி 2001-இல் எடுக்கப்பட்டு 2006-இல் திரும்பி வந்தாள். நம் பக்கத்திலேயே பாருங்கள், தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு வெளியே ராஜராஜன் நிற்கிறாரே, அது 1972-இல் கோயிலுக்குள் வைக்க நினைத்து, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் இடம் என்பதால் வெளியே வைத்தது. கோயிலைக் கட்டியவரே வாசலுக்கு வெளியே. விளார் முள்ளிவாய்க்கால் முற்றம் 2013-இல் திறந்த சில நாட்களிலேயே, சுற்றுச்சுவரும் பூங்காப் பகுதியும் அரசு நிலத்தில் இருப்பதாகச் சொல்லி இடிக்கப்பட்டன. ஒரு சிற்பம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கும் அது எத்தனை நாள் நிற்கிறது என்பதற்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. நிலத்தின் சர்வே எண் அதைவிட அதிகம் பேசும். கூண்டுக்குள் நிற்கும் தலைவர் சிலைகளை ஊருக்கு ஊர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாம், இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய குறை, கை சும்மா இருக்கும். இரண்டு வருடம் அறிக்கை எழுதி, கூட்டம் போட்டு, வரைபடம் பார்த்துப் பழகினால் களிமண்ணுக்குத் திரும்பி வருபவர்கள் குறைவு. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை அழகியல் பள்ளி மாதிரி கோட்பாட்டுப் பக்கம் போகும் படிப்புகளுக்கும் இதையேதான் சொல்வேன், எழுதவோ கண்காட்சி ஒருங்கிணைக்கவோ விரும்புகிறவருக்கு அது நல்ல இடம். இவள் மெழுகு வாசனை இல்லாமல் இருக்க முடியாத பெண். சுவாமிமலைப் பட்டறையில் இரண்டு கோடை விடுமுறையைக் கழித்தவள். தேன்மெழுகும் குங்கிலியமும் உருக்கிப் பிசைந்த உருவத்தின்மேல் காவிரி வண்டலை முதல் பூச்சாக மெல்லத் தடவும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள், நான் பார்த்திருக்கிறேன். வண்டல் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு வெண்கலத்தில் நகக்கண்கூடத் தெரியும். அந்தக் கையை இரண்டு வருடம் கணினி முன்னால் உட்கார வைக்க எனக்கு மனம் இல்லை.

அப்படியானால் கலைக் கல்லூரி. பரோடாவா, சாந்திநிகேதனா? பரோடாவின் கவின்கலைப் பிரிவு நல்ல சிற்பிகளையும் நல்ல விமர்சகர்களையும் உருவாக்கிய இடம், கலைக்கூடங்களோடும் வாங்குபவர்களோடும் தொடர்பு கிடைக்கும், பிழைப்புக்கு அது முக்கியம். ஆனால் நம் கேள்வி பொதுவெளி என்பதால் நான் மேற்கு வங்கத்தில் தாகூர் வளர்த்த சாந்திநிகேதனைத்தான் மேலே வைப்பேன். அங்கே கலை வெட்டவெளியில் கிடக்கிறது. சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த, சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றின் சிலை, அங்குள்ள கலைக் கல்லூரியான கலா பவன் வளாகத்தில், பீடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல், போகிற வருகிறவர்களோடு சேர்ந்து நடப்பது போல நிற்கிறது. கூலிக்குப் போகும் குடும்பம், தோளில் காவடி போட்ட கூடையில் குழந்தை, கூடவே நாய். கல்லும் வெண்கலமும் வாங்கப் பணம் இல்லாமல் சிமென்ட்டையும் அந்த ஊர்ச் செம்புறைச் சரளையையும் கலந்து அள்ளி அள்ளி அப்பிச் செய்தது. 1956-இல் செய்த இன்னொன்றில் ஆலைச் சங்கு கேட்டு இரண்டு சந்தால் பெண்கள் ஓடுகிறார்கள், துணி காற்றில் பறக்கிறது. கறுப்பு வீடு என்று சொல்லும் மண் விடுதி முழுக்கப் புடைப்புச் சிற்பம், மேலே தார் பூச்சு. ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி அங்கேயே இந்தி பவன் கட்டடத்தில் மூன்று சுவர் நிறைய வரைந்த பக்திக் கவிகளின் ஊர்வலம் 1946-47-இல் முடிந்தது. ஒரு மாணவி விடுதியிலிருந்து வகுப்புக்கு நடக்கும்போதே இதையெல்லாம் கடந்துதான் போக வேண்டும், மழையில் எது கறுத்தது, எந்த விளிம்பு உடைந்தது, எதைப் பழுது பார்த்தார்கள் என்று தினமும் பார்ப்பாள். உப்புப் பூத்த என் சுவருக்கு அங்கே மருந்து கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

செலவும் கட்டுப்படியாகும், மத்தியப் பல்கலைக்கழகம்தானே. தடை என்று பார்த்தால் மொழி ஒன்று, வங்காளம் பழக ஒரு வருடம் ஆகும். பொதுவெளியில் வேலை செய்கிறவளுக்கு அது சின்னத் தடை இல்லை, டீக்கடைப் பேச்சு புரியாமல் ஒரு தெருவுக்கு என்ன செய்துவிட முடியும்? அடுத்தது, சாந்திநிகேதன் அமைதியான ஊர். நெரிசல், பிளக்ஸ், பேருந்து ஹாரன், சுவருக்குச் சண்டை போடும் கட்சிக்காரர், இதெல்லாம் இருக்கும் நகரத் தெருவைப் படிக்க அங்கே வழி குறைவு. 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆகிவிட்டது, ஆகவே அங்கே ஒரு புதுச் சுவரில் கைவைப்பது இனி அத்தனை எளிதாக இருக்காது.

ஜெர்மனியின் வைமாருக்கு வருகிறேன். இவள் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது அதற்குத்தான், நியாயமும் இருக்கிறது. பாவ்ஹாவுஸ் பல்கலைக்கழகத்தில் பொதுவெளிக் கலையும் புதிய கலை உத்திகளும் என்றே ஒரு எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுகலை) இருக்கிறது. நான்கு பருவம், பாடம் ஆங்கிலத்தில். சிற்பம், வீதி, சமூகம் என்று நான் மேலே சொன்ன மூன்றையும் மூன்று வடம் போல ஒரே கையில் பிடிக்கப் பார்க்கும் படிப்பு. படிப்புக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் தொகைதான். பணம் வேறு இடத்தில் கேட்கிறது. ஜெர்மன் விசாவுக்கு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும், நம் பணத்தில் 11 லட்சத்துக்கும் மேல். சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஏ.பி.எஸ். சான்று என்று ஒன்று, அதற்கு 18,000 ரூபாய். முடக்கக் கணக்கில் போடும் பணம் அங்கே சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் நமக்கே திரும்பி வரும் என்பதை அக்காவுக்குப் புரிய வைக்கவே ஒரு சாயங்காலம் ஆனது. புரிந்த பிறகும், அதைப் புரட்டக் கடன்தானே வாங்க வேண்டும் என்றார். ஐந்து மா நிலமும் ஒரு தையல் கடையும் இருக்கும் வீடு அது.

அந்த ஊரின் மதிப்பையும் குறைத்துச் சொல்லக்கூடாது. வைமார் கல்லறைத் தோட்டத்தில், பாவ்ஹாவுஸ் பள்ளியைத் தொடங்கிய கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்த நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது. 1920-இல் ராணுவக் கலகத்தை எதிர்த்து உயிர் விட்ட தொழிலாளர்களுக்காக 1922-இல் எழுப்பியது. நாஜிகள் 1936-இல் இடித்தார்கள், 1946-இல் திரும்பக் கட்டினார்கள். ஊருக்குப் பக்கத்து மலையில் புக்கன்வால்ட் வதைமுகாம். எதை நினைவில் வைப்பது, யார் வைப்பது, எங்கே வைப்பது என்பது அங்கே தினசரிப் பேச்சு. 1968 டிசம்பர் 25-இல் 44 பேர் எரிந்துபோன கீழ்வெண்மணி நினைவிடத்துக்கு வருடா வருடம் அப்பாவோடு போய் வந்த பெண் அந்தக் குரோப்பியஸ் சின்னத்தின் முன்னால் நின்றால், அங்கே படிக்கும் மற்றவர்கள் பார்க்காததைப் பார்ப்பாள் என்று நான் நம்புகிறேன். அரசுக் கட்டடச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்குவது ஜெர்மனியில் பழைய வழக்கம். அமெரிக்காவில் பிலடெல்பியா 1959-லேயே 1 சதவீதம் என்று விதி போட்டது. அப்படி ஒரு ஏற்பாடு உள்ள ஊரில் ஒரு கலைஞர் எப்படி ஒப்பந்தம் எழுதுகிறார், பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்ப்பது பெரிய படிப்பு.

ஆனால் அங்கே அவள் வேலை செய்யப் போவது அவர்களுடைய தெருவில். நம் ஊரைப் பற்றி ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வைமார் அதைக் கூர்மையாக்கும். வெறுங்கையோடு போனால் இரண்டு வருடமும் அவர்கள் கேள்விகளுக்கே பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். இருபத்திரண்டு வயதில், வெளியே வைத்த ஒரு வேலையாவது இல்லாத சிற்பத் தொகுப்போடு, கடன் வாங்கிப் போவது இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டமே வேண்டாம், நேரே வேலைக்குப் போகிறேன் என்ற யோசனையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பொதுச் சுவர்களில் ஓவியம் வரையும் ஸ்டார்ட் இந்தியா (St+art India) அமைப்பு 2020-இல் சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் செய்த பெரிய ஓவியங்கள், அப்புறம் கோவை உக்கடம், இதையெல்லாம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. ஐந்து மாடி உயரத்தில் சாரம் கட்டி வரையக் கற்கலாம். நல்ல பயிற்சி, ஒரு மூன்று மாதத்துக்குப் போய் வரலாம். இவள் சிற்பி என்பதால் அதற்கு மேல் பேசவில்லை.

மிச்சம் இருப்பது ஊரிலேயே இருப்பது. கும்பகோணத்திலேயே எம்.எஃப்.ஏ. சேரலாம், சென்னைக் கல்லூரியிலும் சேரலாம். 1850-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரிக்கு மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த பெருமை உண்டு. முதலில் நானே இந்த வழியைக் கடைசியில்தான் வைத்திருந்தேன். நான்கு வருடம் படித்த அதே கல்லூரி, அதே சுவாமிமலைச் சாலை, அதே முகங்கள், பிள்ளை வெளியே போய்ப் பார்க்கட்டுமே என்றுதான் நினைத்தேன். மாற்றியது மகாமகம்.

அடுத்த மகாமகம் 2028 மாசியில். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஆறு ஏக்கர் சொச்சம் இருக்கும் ஒரு குளத்தை நோக்கி லட்சக்கணக்கான பேர் ஒரே நாளில் வருவார்கள். கோவிந்த தீட்சிதர் கட்டிய பதினாறு மண்டபங்கள் சுற்றிலும். 1992-இல் நெரிசலில் உயிர்ப்பலி ஆன இடம் இது. அதனால் ஒவ்வொரு முறையும் வேலி, தடுப்பு, நுழையும் வழி, வெளியேறும் வழி என்று குளக்கரையே உருமாறுகிறது. சாலை அகலமாகும், கடைகள் நகரும், சுவர்களுக்கு வண்ணம் வரும், எங்கேயாவது ஒரு சிலையோ வளைவோ முளைக்கும். ஒரு பொது இடம் யாருக்காக, யாரால், எந்த அவசரத்தில் மாற்றப்படுகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்க்க இதைவிட ஒரு வாய்ப்பு எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்? இதை விட்டால் 2040.

இந்த மண்ணில் இது புதிதும் இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்தில் ஐந்து மன்றங்கள் இருந்ததாகச் சொல்கிறது. அதில் ஒன்று பாவை மன்றம். அரசன் கோல் வளைந்தாலோ அறம் சொல்லும் அவை ஒரு பக்கம் சாய்ந்தாலோ அங்கே நிற்கும் பாவை வாய் பேசாமல் கண்ணீர் விடும். நகரத்தின் நடுவில் ஒரு சிலை, அதற்கு ஒரு பொதுக் கடமை. பூம்புகாரில் 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் அந்தக் கதையைக் கல்லில் வைத்துக் கடற்காற்றில் நிற்கிறது. கும்பகோணத்திலிருந்து பேருந்தில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். திருவாரூரில் "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்று கிழவிகள்கூடச் சொல்வார்கள், கோயிலுக்கு எவ்வளவோ அவ்வளவு இடம் தண்ணீருக்கும். மயிலாடுதுறைத் துலாக்கட்டம், கல்லணை, ஊர் ஊருக்குப் படித்துறை என்று எல்லாமே அரை நாள் தூரத்தில் இருக்கிறது.

பணத்துக்கு, மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கொடுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூர் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை முயற்சிகளுக்கு நிதி தருகிறது, விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்று பயந்தே பாதி விண்ணப்பங்களை விட்டுவிடுகிறார்கள், இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆக நாங்கள் எடுத்த முடிவு இது. இப்போது கும்பகோணத்தில் எம்.எஃப்.ஏ., இரண்டு வருடமும் மகாமகக் குளக்கரையில் வேலை. கல்லூரி சிற்பத்தைச் சொல்லித்தரட்டும், நிலத்தையும் சட்டத்தையும் அவளே கற்க வேண்டும். அதற்காக மாநகராட்சி, அறநிலையத் துறை, வருவாய்த் துறை மூன்றிலும் அந்தக் கரையின் வரைபடத்தைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன், முதல் பருவத்திலேயே. டிசம்பரில் சாந்திநிகேதனில் நந்தன் மேளா நடக்கும், கலா பவன் மாணவர்கள் தாங்கள் செய்ததை விற்கும் இரண்டு நாள் சந்தை. திருச்சி–ஹவுரா ரயிலில் நானும் அவளும் போய் ஒரு வாரம் தங்கி ராம்கிங்கரின் சரளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம். மகாமகம் முடிந்ததும், அதில் செய்த வேலையை வைத்து வைமாருக்கு விண்ணப்பம். அப்போது இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுதான் ஆகியிருக்கும். மகாமகம் இல்லாத வேறு வருடமாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாந்திநிகேதன் என்றிருப்பேன். தஞ்சாவூர், நாகைப் பக்கம் இருந்து கேட்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அக்காவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. "ரெண்டு வருஷம் குளக்கரையில உட்கார்ந்தா என்னடா பட்டம் அது, வரன் கேட்டு வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்கிறார். எம்.எஃப்.ஏ. என்று சொல்லுங்கள் அக்கா, அது உண்மைதானே என்றேன்.

போன வாரம் அவள் நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். பழைய பதினோரு பெயர்களுக்குப் பிறகு ஒரு பக்கம் விட்டு, வடகரையின் படம். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மண்டபத்தின் நிழல் எத்தனை படி வரை இறங்குகிறது, அதில் யார் யார் உட்காருகிறார்கள் என்று குறித்திருந்தாள். ஏழு கிழவர்கள், பள்ளி விட்டு வந்த மூன்று பெண்கள், தூங்கும் ஒருவர், பூக்கூடையோடு ஒரு அம்மா. அந்த அம்மா நிழல் நகர நகரக் கூடையை நகர்த்துவதற்கு அம்புக்குறி போட்டிருந்தாள், ஒரு மணி நேரத்தில் நான்கு முறை.

"மகாமகத்து அன்னிக்கு இவங்க எங்க உட்காருவாங்க மாமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. போன மகாமகத்தில், 2016-இல், அந்தப் பூக்கூடை அம்மா எங்கே உட்கார்ந்தார் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.